நிகழ்வு ஆய்வு: வெள்ளாட்டுத் தாய்க்கும் செம்மறித் தகப்பனுக்கும் பிறந்த போட்ஸ்வானா கிடாய்

ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் வெள்ளாடுகளையும் செம்மறிகளையும் ஒன்றாக அடைத்து வளர்த்த ஒரு மந்தை. அதில் ஒரு பெண் வெள்ளாடு, பார்த்தவர்களை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க வைத்த ஒரு கிடாய்க்குட்டியை ஈன்றது. தகப்பன் மந்தையிலிருந்த செம்மறிக் கிடாயாகத்தான் இருக்கும் என்று சந்தேகம் எழுந்தது. இந்த மாதிரிச் சந்தேகம் பல ஊர்களில், பல காலமாக வருவதுதான். பெரும்பாலும் ஒரு புகைப்படத்தோடு பேச்சு முடிந்துவிடும். இந்தக் குட்டியின் விஷயத்தில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதனால்தான் இன்றும் இதைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது.

2000-ஆம் ஆண்டில் இந்த விலங்கைப் பற்றி 'வெட்டரினரி ரெக்கார்ட்', 'ஸ்மால் ருமினன்ட் ரிசர்ச்' என்ற இரண்டு ஆய்விதழ்களில் அறிக்கைகள் வந்தன. அதே ஆண்டு செய்தி ஊடகங்களும் பிடித்துக்கொண்டன; 'டோஸ்ட் ஆஃப் போட்ஸ்வானா' என்ற செல்லப் பெயரும் ஒட்டிக்கொண்டது. செய்திகள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் காட்டின. ஆனால் இந்த இரண்டு இனங்களுக்கும் நடுவில் உள்ள தடுப்புச்சுவர் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

உடலமைப்பில் அது இரண்டுக்கும் நடுவில் நின்றது. மேலே முரட்டு ரோமம், அடியில் கம்பளிபோல மென்மயிர். கால்கள் வெள்ளாட்டுக்கு உள்ளதுபோல நீளம். உடம்போ செம்மறிபோல கனம். குணத்தில் மட்டும் நடுநிலை கிடையாது. வெள்ளாடு, செம்மறி என்ற பாகுபாடு பார்க்காமல், பருவத்துக்கு வராத பெட்டைகள் மேலும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையால் அதற்கு அங்கே நல்ல பெயர் இல்லை. 10 மாத வயதில் காயடித்துவிட்டார்கள். அதுவரை அவ்வளவு ஏறியும் எந்தப் பெட்டையும் அதனால் சினையாகவில்லை. மலடு என்றே பதிவாகியிருக்கிறது.

தோற்றம் ஏன் சாட்சி ஆகாது

தமிழில் இரண்டையும் 'ஆடு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வெள்ளாடு, செம்மறியாடு என்று முன்னால் ஓர் அடைமொழி, அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, இரண்டும் கலப்பது மாட்டில் இரண்டு ரகம் கலப்பதுபோல ஒரு சாதாரண விஷயம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. விலங்கியல் கணக்கு வேறு. வெள்ளாடு காப்ரா என்ற பேரினம், செம்மறி ஓவிஸ் என்ற பேரினம். இரண்டின் பொது மூதாதை பிரிந்து பல லட்சம் தலைமுறைகள் ஓடிவிட்டன. குதிரையும் கழுதையும்கூட ஒரே பேரினத்துக்குள் அடங்குபவை. அப்படிப் பார்த்தால், கோவேறு கழுதையைவிட இந்தக் கலப்பு ஒரு படி தள்ளி நிற்கிறது.

வேற்றுமைகள் வெளியிலேயே தெரியும். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிமிரும், செம்மறியின் வால் தொங்கும். செம்மறிக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு சுரப்பிக் குழியும் நான்கு கால்களிலும் குளம்புக்கு நடுவே சுரப்பியும் உண்டு. வெள்ளாட்டுக் கிடாய்க்குத் தாடியும், தள்ளி நின்றாலும் மூக்கைத் துளைக்கும் கிடாய் வீச்சமும் உண்டு. ஒன்று தழை தேடி முன்னங்காலைத் தூக்கி நிற்கும். மற்றது தலை குனிந்து புல் மேயும்.

இவ்வளவு இருந்தும், ஒரு குட்டியைப் பார்த்து "இது கலப்பு" என்று தீர்ப்புச் சொல்வது ஆபத்து. கம்பளியே இல்லாமல் குட்டை மயிரோடு இருக்கும் செம்மறி ரகங்கள் வெப்ப நாடுகளில் ஏராளம். அவற்றை வெள்ளாடு என்று தவறாக நினைப்பது சர்வசாதாரணம். அங்கோரா வெள்ளாட்டின் சுருண்ட மயிரைப் பார்த்தால் செம்மறி என்றுதான் தோன்றும். காஷ்மீர் ரக வெள்ளாடுகளுக்கு முரட்டு ரோமத்தின் அடியில் மென்மயிர் இயல்பாகவே உண்டு. அதாவது, போட்ஸ்வானாக் குட்டியைப் பற்றி முதலில் கவனித்த அந்த இரண்டடுக்கு மயிர் மட்டுமே சாட்சி என்றால், வழக்கு முதல் நாளே தள்ளுபடி ஆகியிருக்கும். என் அனுமானம், புகைப்படங்களாகச் சுற்றும் 'கலப்பின'க் குட்டிகளில் பெரும்பாலானவை சுத்தமான வெள்ளாடோ சுத்தமான செம்மறியோதான்.

ஆய்வகத்தில் எண்ணியது

செல்லுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். செம்மறியின் உடல் செல் ஒவ்வொன்றிலும் அவை 54. வெள்ளாட்டுக்கு 60. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வரும். ஆக வெள்ளாட்டுத் தாய் கொடுப்பது 30, செம்மறித் தகப்பன் கொடுப்பது 27. கூட்டினால் 57. இரண்டு இனத்துக்கும் இயல்பில் இல்லாத எண் இது.

எண்ணுவது எப்படி என்றால், ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை வளர்ப்புத் திரவத்தில் இரண்டு மூன்று நாள் வளர விடுவார்கள். செல்கள் பிரியத் தொடங்கும்போது கோல்சிசின் போன்ற ஒரு மருந்தைச் சேர்த்தால், குரோமோசோம்கள் தடித்துத் திரண்டு நிற்கும் கட்டத்தில் பிரிதல் நின்றுவிடும். அப்புறம் உப்புச் செறிவு குறைந்த நீரில் செல்களை ஊதவைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஒரு செல்லை எண்ணினால் போதாது; பல செல்களை எண்ணி எல்லாவற்றிலும் அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். போட்ஸ்வானா விலங்கில் வந்தது 57, அதில் ஆணுக்குரிய எக்ஸ், ஒய் இரண்டும் இருந்தன.

எண் மட்டுமல்ல, வடிவமும் பேசும். வெள்ளாட்டின் குரோமோசோம்களில், பாலினக் குரோமோசோம்களை ஒதுக்கிவிட்டால், எல்லாமே ஒரு முனையில் முடிச்சுப் போட்ட கோல்கள் போன்றவை. செம்மறியில் மட்டும் மூன்று ஜோடி பெரிய குரோமோசோம்கள் நடுவில் முடிச்சுள்ளவை. இது எப்படி வந்தது என்றால், பழைய மூதாதையிடம் தனித்தனியாக இருந்த ஆறு ஜோடிக் கோல்கள், 1-உம் 3-உம், 2-உம் 8-உம், 5-உம் 11-உம் என்று இரண்டிரண்டாக முனையில் ஒட்டிக்கொண்டன. ஒட்டியதால் எண்ணிக்கை 60-இலிருந்து 54-க்கு இறங்கியது. சரக்கு ஏறக்குறைய அதேதான். கலப்பினக் குட்டியில் இந்தப் பெரிய குரோமோசோம்கள் ஜோடியாக இல்லாமல் ஒற்றை ஒற்றையாக மூன்று நிற்கும். பெற்றோரில் ஒன்று செம்மறி என்பதற்கு அதுவே முத்திரை.

எண்ணிக்கைதான் தடையா?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். "54-உம் 60-உம் ஒத்துப்போகாது, அதனால் குட்டி பிறக்காது" என்று எளிதாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது.

காட்டுச் செம்மறிகளைப் பாருங்கள். யூரியல் என்ற காட்டுச் செம்மறிக்கு 58 குரோமோசோம், ஆர்காலிக்கு 56, மூப்ளானுக்கு 54. யூரியலும் 54 குரோமோசோம் செம்மறியும் கூடினால் 56 உள்ள குட்டி பிறக்கிறது, வளர்கிறது, அதுவும் ஈனுகிறது. நான்கு எண் வித்தியாசம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. வீட்டுச் செம்மறிக்குள்ளேயே நியூசிலாந்தில் மேலும் சில குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு 53, 52 என்று எண்ணிக்கை குறைந்த ஆடுகளைக் கண்டுபிடித்து விரிவாக ஆராய்ந்தார்கள். அவை பெரிய குறையில்லாமல் இனப்பெருக்கம் செய்தன. ஒட்டிய ஒரு குரோமோசோமோடு ஒட்டாத இரண்டு கோல்கள் மூவராக ஜோடி சேர்ந்துகொள்ளும். செல் அந்தக் கணக்கைச் சமாளித்துவிடும்.

அப்படியானால் வெள்ளாடு-செம்மறிக் கலப்பு ஏன் இவ்வளவு அபூர்வம்? கூடாததாலா? அதுவும் இல்லை. ஒன்றாக அடைத்தால் கூடவே செய்யும். செம்மறிக் கிடாய் வெள்ளாட்டின் மேல் ஏறுவதை மேய்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கரு தரிக்காததாலா? பெண் வெள்ளாடும் செம்மறிக் கிடாயும் என்றால் கருவும் நன்றாகவே தரிக்கிறது. விந்தணு முட்டைக்குள் போகிறது, கரு பிரிந்து வளர்கிறது, கருப்பையில் ஒட்டுகிறது, இதயம்கூடத் துடிக்கிறது. எதிர்த்திசையில், வெள்ளாட்டுக் கிடாயும் பெண் செம்மறியும் என்றால்தான் கருத்தரிப்பே மிகவும் குறைவு.

ஆக, போட்ஸ்வானாவில் நடந்த கூடல் அதிசயமில்லை, சினை பிடித்ததும் அதிசயமில்லை. அது நிலைத்ததுதான் அதிசயம்.

இரண்டாம் மாதத்தில் நடப்பது

அமெரிக்காவின் டெக்சாஸில் வார்விக் என்பவரின் குழு செம்மறிக் கிடாய்களை அங்கோரா வெள்ளாடுகளோடு சேர்த்துப் பார்த்த முடிவுகளை 1934-இலேயே வெளியிட்டது. அப்போதிலிருந்து பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: வெள்ளாட்டின் வயிற்றில் இந்தக் கலப்பினக் கரு ஐந்தாறு வாரம், சிலவேளை எட்டு வாரம் போல வளர்ந்து அப்புறம் இறந்துவிடுகிறது. இயல்பான சினைக்காலம் ஐந்து மாதம். மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டுவது கடினம். அந்தச் சின்னக் கருவைக் குட்டி வீசியதாகக்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்திருக்கிறது, சினை நிற்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். கலப்பினம் 'உருவாவதே இல்லை' என்ற பொதுக் கருத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உருவாகிறது, யாருக்கும் தெரியாமல் அழிகிறது.

ஏன் அந்தக் கட்டத்தில்? ஆடு மாடுகளின் நஞ்சுக்கொடி ஒரே தட்டாக இராது. கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாக உள்ள முடிச்சுகளில் கருவின் சவ்வு வேர்விட்டுப் பின்னிக்கொள்ளும். கருவின் சவ்விலிருந்து இரண்டு உட்கரு கொண்ட தனி வகைச் செல்கள் தாயின் திசுவுக்குள் நுழைந்து ஹார்மோன்களைச் சுரக்கும். "நான் இங்கே இருக்கிறேன், சினையைக் கலைக்காதே" என்று கரு தாயிடம் பேசும் மொழி அது. கலப்பினக் கருவில் இந்தப் பின்னல் சரியாக அமைவதில்லை. முதல் சில வாரங்கள் கரு சிறியது, சமாளித்துக்கொள்ளும். இரண்டாம் மாதத்தில் அதன் தேவை ஏறும்போது ஊட்டம் போதாமல் போகிறது.

இன்னொரு பக்கம், தாயின் உடல் சும்மா இருப்பதில்லை. குட்டியின் ரத்தச் சிவப்பணுக்களில் தகப்பன் வழி வந்த செம்மறி அடையாளங்கள் இருக்கும். வெள்ளாட்டின் உடல் அவற்றை அந்நியம் என்று கண்டு, அழிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. ஒரே வெள்ளாட்டில் கலப்புச் சினை திரும்பத் திரும்ப ஏற்படும்போது எதிர்ப்பொருள் ஏறுவதும், கரு முன்னைவிடச் சீக்கிரம் இறப்பதும் பதிவாகியிருக்கின்றன. தாயின் ரத்த வகையும் குழந்தையின் ரத்த வகையும் ஒத்துப்போகாத ரீசஸ் பொருத்தமின்மையால் மனிதக் குழந்தைகளுக்கு வரும் சிக்கலுக்கு இது ஒருவகையில் உறவு, ஆனால் அதைவிட மூர்க்கமானது.

இரண்டில் எது முதல் குற்றவாளி என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. என் சாய்வு நஞ்சுக்கொடியின் பக்கம். அதற்கு வலுவான காரணம் 1984-இல் கிடைத்தது.

கைமேராவும் கலப்பினமும்: குழப்பிக்கொள்ளக் கூடாதவை

1984 பிப்ரவரி 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். ஒன்று கேம்பிரிட்ஜிலிருந்து, பெஹிலி, வில்லாட்சன், டக்கர் எழுதியது. மற்றது ஜெர்மனியிலிருந்து மைனெக்கே இணையர் எழுதியது. இரண்டு குழுக்களும் தனித்தனியாக, செம்மறிக் கருவின் செல்களையும் வெள்ளாட்டுக் கருவின் செல்களையும் மிக ஆரம்பக் கட்டத்தில் ஒன்றுசேர்த்து ஒரே கருவாக்கி, வளர்ப்புத் தாயின் வயிற்றில் வைத்தார்கள். குட்டி பிறந்தது. உடம்பில் ஓரிடத்தில் அடர்த்தியான கம்பளி, பக்கத்திலேயே வெள்ளாட்டு ரோமம் என்று திட்டுத் திட்டாக இருந்த அந்த விலங்கின் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

இது கலப்பினம் இல்லை, கைமேரா. போட்ஸ்வானாக் கிடாய்க்குத் தாய் ஒன்று, தகப்பன் ஒன்று. உடம்பின் எந்தச் செல்லை எடுத்தாலும் 57. கைமேராவுக்கு நான்கு பெற்றோர்: ஒரு செம்மறி ஜோடி, ஒரு வெள்ளாட்டு ஜோடி. அதன் செல்களில் சில 54, சில 60. 57 ஒன்றில்கூட இருக்காது. கலப்பினம் பாலும் காப்பித்தூளும் கலந்த காப்பி என்றால், கைமேரா கறுப்பும் வெள்ளையும் கோத்த மணிமாலை. செய்தி எழுதுபவர்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வேடிக்கைப் பெயரைச் சூட்டிவிட்டதால் வந்த வினை, இன்றுவரை கேம்பிரிட்ஜ் கைமேராவின் படத்தைப் போட்டு "இதோ கலப்பின ஆடு" என்று எழுதுகிறார்கள்.

சரி, நஞ்சுக்கொடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இளங்கருவின் வெளிச்சுற்றுச் செல்கள் நஞ்சுக்கொடியாகும். உள்ளே இருக்கும் செல் தொகுதி குட்டியாகும். வெளிச்சுற்று தாயின் இனமாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், உள்ளே வேற்று இனச் செல்கள் இருந்தாலும் தாய் விரட்டுவதில்லை. ஜெர்மன் கட்டுரையின் தலைப்பே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இடையிலான இனப்பெருக்கத் தடையை நீக்குவது பற்றியது. 1989-இல் கலிபோர்னியாவில் ஆண்டர்சனின் குழு இன்னும் ஒரு படி போய், உண்மையான கலப்பினக் கருவின் உள்செல் தொகுதியை எடுத்துச் செம்மறிக் கருவுக்குள் வைத்தது. தன் சொந்த வெளிச்சுற்று உறையில் அழிந்திருக்க வேண்டிய கலப்பினச் செல்கள் செம்மறி உறைக்குள் பிழைத்தன. கலப்பினச் செல்லில் உயிர் வாழ முடியாத குறை ஒன்றுமில்லை. தாயோடு கைகோக்கும் அந்த உறைதான் பலவீனம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

மற்ற நிகழ்வுகள், மலட்டுத்தன்மை

போட்ஸ்வானாக் கிடாய் தனி ஆள் இல்லை. பிரான்சில் ஒரு பெண் கலப்பினத்தின் குரோமோசோம் ஆய்வு 1988-இல் வெளியானது. 1990-இல் நியூசிலாந்தில் ஒன்று. 2016-இல் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஜெர்மானிய, இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதியது இன்னும் அரிதான திசை: தாய் செம்மறி, தகப்பன் வெள்ளாட்டுக் கிடாய், குட்டி பெண். எல்லாவற்றிலும் எண் 57-தான்.

இதில் பிரெஞ்சுப் பெட்டைதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. அது மலடு இல்லை. அதற்குப் பிறந்த குட்டியின் ரத்த அடையாளங்களை ஆராய்ந்து 1989-இல் தனிக் கட்டுரையே வந்தது. "கலப்பினம் என்றால் மலடு" என்று மனப்பாடமாகச் சொல்வதற்கு இது முட்டுக்கட்டை. ஆனால் ஆண் மலடு, பெண் சிலவேளை ஈனும் என்ற இந்தப் பாங்கு புதிதில்லை. 1922-இல் ஹால்டேன் என்ற மரபியலாளர் கவனித்துச் சொன்ன விதி இது: இரண்டு இனங்கள் கலக்கும்போது இருவேறு பாலினக் குரோமோசோம் கொண்ட பாலே முதலில் பாதிக்கப்படும். பாலூட்டிகளில் எக்ஸும் ஒய்யும் உள்ளது ஆண். போட்ஸ்வானாக் கிடாயின் வேட்கை குறையாமல் இருந்ததிலும் முரண் ஒன்றுமில்லை. வேட்கையைத் தருவது விதையிலுள்ள ஹார்மோன் செல்கள், விந்தணுவை உண்டாக்குவது வேறு செல்கள். ஆண் கோவேறு கழுதையிலும் இதே கதைதான்.

அறிக்கையில் எனக்குள்ள ஒரே வருத்தம் அந்தக் காயடிப்பு. மந்தையில் எல்லாக் கிடாய்க்குட்டிகளுக்கும் செய்வதைத்தான் அதற்கும் செய்தார்கள், மேய்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வளர்ந்த வயதில் அதன் விந்தைப் பரிசோதிக்கும் வழி அத்தோடு அடைபட்டுப்போனது.

அடுத்த முறை ஒரு குட்டி இப்படிப் பிறந்தால்

கலப்பு மந்தையில் சந்தேகப்படும்படி ஒரு குட்டி பிறந்தால், முதலில் நஞ்சுக்கொடியை எறிந்துவிடக் கூடாது. கதையின் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. ஆனால் அரை நாளில் நாய் தூக்கிப் போய்விடும் அல்லது தாயே தின்றுவிடும். கிடைத்தால் குளிர்ச்சியாக வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும். குட்டியின் ரத்தம் உறையாமல் இருக்கும் ஹெப்பாரின் குழாயில், செல்கள் உயிரோடு இருக்கும்போதே குரோமோசோம் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். உறைகுளிரில் வைத்த ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்யலாம், குரோமோசோம் எண்ண முடியாது. தாயின் மாதிரியும், அந்தக் காலத்தில் மந்தையில் இருந்த எல்லாக் கிடாய்களின் மாதிரியும் கூடவே வேண்டும். தாய் யார் என்று தகராறு வந்தால் மைட்டோகாண்ட்ரியா மரபணு தீர்த்துவைக்கும், அது தாய்வழி மட்டுமே வருவது. கைமேரா இல்லை என்று உறுதிசெய்ய, ரத்தத்தோடு நிற்காமல் காதோரத்தில் ஒரு சிட்டிகை தோலும் எடுத்து, அதிலும் 57 வருகிறதா என்று பார்ப்பது நல்லது. கிடாய்க்குட்டியாக இருந்தால், காயடிக்கும் நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.